அப்பாவோட மாருதி 800: இன்ஜினை இறக்கிட்டு மோட்டார் வெக்கலாமா?

வலங்கைமான்வாசி:
1998 மாடல். ரிங் தேஞ்சு புகை தள்ளுது, ஆயில் குடிக்குது. கும்பகோணம் கடைக்குப் போய்வர, நடுவுல வயலுக்கு ஒரு நடை, 30 கிலோமீட்டர் தாண்டாது. நானே எலக்ட்ரிக்கா மாத்தலாம்னு ஆசை. பம்ப்செட் ஸ்டார்ட்டர் கழட்டி மாட்டுவேன். கார் வேலை புதுசு.

பழைய ஸ்பானர்:
வேணாம் தம்பி. இன்ஜின் சிலிண்டரைக் கடைஞ்சு (போர் அடிச்சு) ரிங், பிஸ்டன் மாத்து, பேட்டரி விலையில பாதிகூட ஆகாது. ஆர்சில பெட்ரோல்னு இருக்க, நீயா மோட்டார் வெச்சா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுல மாட்டுவ. பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் தொறந்தா என்ன சொல்லுவ? இடிச்சா இன்சூரன்ஸ்காரனும் கையை விரிப்பான்.

டெல்டா வோல்ட்:
அண்ணே, சட்டத்துல வழி இருக்கு. எலக்ட்ரிக்கா மாத்துறதுக்குன்னு அங்கீகாரம் வாங்கின கிட்டை, அதை மாட்ட அனுமதி உள்ளவங்க மாட்டி, ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சியை மாத்தணும். வீட்டுக் கொல்லையில முடிக்கிற வேலை இல்லதான். ஆனா வண்டி தோது. எடை 650 கிலோதான். நம்ம ஊர்ல ஆத்துப்பாலம் ஏறினாத்தானே ஏத்தம்! 3.2 வோல்ட் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி செல் 24 கோத்தா 76.8 வோல்ட்; 150 ஆம்பியர் அவர்னா 11.5 யூனிட். யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர்னு கஞ்சத்தனமா வெச்சாலும் 90 வரும்.

பழைய ஸ்பானர்:
கணக்கு சரி. பிரேக்? பெடலை லேசாக்குற பூஸ்டர் உன் வண்டியில இருந்தா, அதுக்கு வேக்குவம் இன்ஜின் உறிஞ்சுறதுலதான் வருது. இன்ஜினை எடுத்தா பெடல் கல்லு மாதிரி ஆயிடும், தனி வேக்குவம் பம்ப் வெக்கணும். ஆல்டர்னேட்டரும் போயிடும். ஹெட்லைட், வைப்பருக்கு 12 வோல்ட் யாரு குடுப்பா?

டெல்டா வோல்ட்:
அதுக்குப் பெரிய பேட்டரி வோல்ட்டை 12-க்கு இறக்குற டிசி கன்வெர்ட்டர் இருக்குண்ணே. எனக்குப் பயம் வேற. தம்பி பம்ப்செட் அனுபவத்தை நம்பி இறங்குறாரு. அது ஏசி, கரண்ட் செகண்டுக்கு நூறு தடவை சுழியைத் (ஜீரோவை) தொடும், அதனால இணைப்பைப் பிரிக்கும்போது வர்ற தீப்பொறி அணைஞ்சிடும். டிசி பொறி இழுத்துக்கிட்டே நிக்கும். ஸ்பானர் ரெண்டு முனையில விழுந்தா உருகி ஒட்டிக்கும். மோதிரம், வாட்ச் கழட்டிட்டுத்தான் கை வெக்கணும். பேட்டரிக்குப் பக்கத்துலயே டிசி ஃபியூஸ் வேணும்.

குறுவைக்காரன்:
போர்செட் கொட்டகையில சார்ஜ் போட்டா காசே இல்லையே!

வலங்கைமான்வாசி:
இலவச கரண்ட் தண்ணி இறைக்கத்தான், காருக்கு இல்ல. வீட்டு லைன்ல போட்டுக்குறேன்.

பழைய ஸ்பானர்:
ஐப்பசி அடைமழையில தெருவுல முழங்கால் தண்ணி நிக்குமே, பேட்டரிப் பெட்டியை எங்க வெப்ப? கஜா வந்த 2018-ல எத்தனை நாள் கரண்ட் இல்லாம கெடந்தோம், மறந்துட்டியா?

டெல்டா வோல்ட்:
கரண்ட் இல்லன்னா பெட்ரோல் பங்க் மட்டும் ஓடுமா? பெட்டியைப் பின் சீட்டு மட்டத்துக்கு ஏத்தி வெக்கலாம். ஆனா தம்பி, கிட் விசாரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. சேத்துக்காலோட ஏறி எறங்குன வண்டி. கால்மிதியைத் தூக்கி, தரைத் தகரம் துருப்பிடிச்சிருக்கான்னு தட்டுனீங்களா?

வலங்கைமான்வாசி:
இப்பத்தான் பாத்தேன். டிரைவர் சைடு கால்மிதிக்கு அடியில காஞ்ச வண்டல், ஒரு விரக்கடை. சுரண்டிட்டு ஸ்க்ரூடிரைவரால குத்தினேன், கைப்பிடி வரைக்கும் இறங்கிடுச்சு. ஓட்டை வழியாக் கீழ கோழி மேயுறது தெரியுது. இதுல எங்கண்ணே பேட்டரியை ஏத்துறது?

பழைய ஸ்பானர்:
சனிக்கிழமை டிங்கரிங் ஷெட்டுக்கு ஓட்டிட்டு வா. தகரம் வெட்டிப் பத்தவெச்சுத் தரேன். மோட்டாரா பிஸ்டனான்னு அப்புறம் சண்டை போட்டுக்கலாம்.