பழைய வீட்டில் காபிக் கடை: தெருவுக்கே விட்டுவைத்த திண்ணை

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைப் பக்கம் இருக்கிற பிரெஞ்சுப் பகுதியோடு திரும்பிவிடுகிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, அதன் முன்னால் நின்று ஒரு படம். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தால்தான் தமிழ்ப் பகுதி வரும். நான் சொல்லப்போகிற காபிக் கடை அங்கே, வைசியாள் வீதியை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. பெயர் போட்டால் விளம்பரமாகிவிடும். கடையைவிட அந்த வீட்டைப் பற்றியும் அதன் திண்ணையைப் பற்றியும்தான் எழுத நினைக்கிறேன்.

வைசியாள் வீதியில் ஒரு நீளத்துக்கு வீட்டு முகப்புகளைப் பழைய வடிவிலேயே சீரமைத்தார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: தெருவோரமாகத் தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதற்கு உள்ளே திண்ணை, அதற்குப் பிறகுதான் வாசற்கதவு. ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். வெயிலில் நடக்கிறவன் நிழல் விடாமல் பாதித் தெருவைக் கடந்துவிடலாம்.

இந்த வீடும் அப்படித்தான். கீழே முழுக்கத் தமிழ் வீடு: திண்ணை, ரேழி, தூண்கள் சூழ்ந்த முற்றம், பின்கட்டு. மாடிக்கு ஏறினால் பிரெஞ்சுக்காரன் வீடு: வளைவு வைத்த உயரமான ஜன்னல்கள், சாய்ந்த மரச் சட்டங்கள் அடித்த கதவுகள், சுவரோடு ஒட்டிய சுதைத் தூண்கள். இந்தக் கலப்பு புதுச்சேரிக்கே உரியது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் இதே இரண்டு கைகளின் வேலையைப் பார்க்கலாம்.

காபிக் கடை நடத்துகிறவர்கள் அக்கா, தம்பி இரண்டு பேர். வீடு அவர்களுடையது இல்லை, வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் செய்யாமல் விட்டவைதான். எஸ்பிரஸோ மெஷினுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும், கழிவு போகவும் வழி வேண்டும். அதற்காகச் சுவரைக் கொத்தவில்லை. குழாய்கள் சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படியே ஓடுகின்றன. மெஷின் கனம் என்பதால் மாடியில் வைக்காமல் பின்கட்டிலேயே வைத்துவிட்டார்கள். மாடிக்கு ஆர்டர் போனால் ஒருவர் படியேறிக் கொண்டுவந்து கொடுக்கிறார். காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும்போது அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி மூலைவாட்டாக வரிசை பிடித்துச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருக்கிறார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வது இதைத்தான். செங்கலுக்கு மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய தளம் அது. தட்டியவர்கள் யாரென்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

காபி சேர்வராயன் மலைக் கொட்டை. காலையில் பித்தளை ஃபில்டரில் இறக்கிய டிகாக்ஷன் மட்டும்தான், பதினோரு மணிக்கு மேல்தான் மெஷினைத் தொடுகிறார்கள். சிக்கரி இல்லாததும் கிடைக்கும். நான் 80-க்கு 20 கலந்ததைத்தான் கேட்டேன். கசப்பு நாக்கின் அடியில் நின்றது, பால் அதை மூடவில்லை. டபராவில் ஆற்றிக்கொண்டே முற்றத்து வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்துச் சுவரில் ஒரு முழம் அகலத்துக்குப் பூச்சு பூசாமல் செங்கலை அப்படியே விட்டிருக்கிறார்கள். சமையல்காரர் வந்து அதைக் காட்டி, "இது ஈரம் காயுறதுக்குங்க, அழகுக்கு இல்ல" என்றார். சமையல்காரருக்கே வீட்டின் உடம்பு தெரிந்திருக்கிறது!

இனி திண்ணை. வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை உண்டு. வலப்பக்கம் மணைப்பலகை, மெத்தை போட்டு வாடிக்கையாளர் உட்காருகிறார்கள். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் திண்ணை. அங்கே ஒரு பூக்கார அம்மா சரம் கட்டிக்கொண்டிருந்தார். பார்சல் கொடுக்கும் பையன்கள் இரண்டு பேர் பையை இறக்கி வைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை எழுப்பவில்லை. உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் வந்தது.

நான் அந்த அக்காவிடம் கேட்டேன். வீட்டுக்காரம்மா வாடகைக்கு விடும்போது போட்ட ஒரே நிபந்தனை அதுதானாம்: ஒரு திண்ணை தெருவுக்கு. மூடக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, காசு கேட்கக் கூடாது. "எங்க மாமியார் காலத்துல வழிப்போக்கர் படுத்துத் தூங்குவாங்க, அது நிக்கக் கூடாது"ன்னு சொன்னாராம். தொடக்கத்தில் நாலு பேர் உட்காரும் இடம் போகிறதே என்று தம்பிக்கு வருத்தம். இப்போது அவரே காலையில் அந்தத் திண்ணையைக் கழுவி விடுகிறார்.

பழைய வீட்டைக் காபிக் கடையாக்குவது நல்லது என்றுதான் நானும் சொல்வேன். பூட்டிக் கிடக்கிற வீடு வேகமாகச் சாகும். அரசமரக் கன்று மாடியில் வேர் விட்டால் பார்க்க ஆள் இருக்காது. ஐப்பசி மழைக்கு முன்னால் தூம்பை அடைத்த இலையை எடுக்க ஆள் இருக்காது. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். 1870-களிலிருந்து நின்ற கட்டடம். அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள், ஆனாலும் பழையது போனது போனதுதான். ஆகவே ஒரு வீட்டில் அடுப்பு எரிந்து, ஆள் நடமாடி, மாதம் வாடகை வந்தால் அதற்கு ஆயுசு கூடும்.

ஆனால் திண்ணை வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. அதே ஊரில் இன்னொரு கடையில் திண்ணையைக் கண்ணாடி போட்டு அடைத்து, ஏசி வைத்து, ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் சாப்பிடுகிறவருக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் முகப்புப் பூச்சு கொப்பளித்துக் கிடக்கிறது. முகப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று பலகை வேறு. இதை எப்படி ஒத்துக்கொள்வது? தெருவோடு இருந்த உறவை வெட்டிவிட்டுத் தூணையும் ஓடுகளையும் மட்டும் காப்பாற்றினால் அது பாதி வேலை.

உங்கள் ஊரில் இப்படிப் பார்த்த இடங்களைச் சொல்லுங்கள். காபி எப்படி என்பதோடு வாசல் எப்படி என்றும் சொல்லுங்கள்.

பினாங்கிலிருந்து:

அண்ணே, இங்க ஜார்ஜ் டவுன்ல இதே கதைதான். எங்களுக்குத் திண்ணை கிடையாது, அஞ்சடிதான். கடை வீடுகளுக்கு முன்னால மாடி நிழல்ல ஓடுற நடைபாதை. மழையோ வெயிலோ, ஜனங்க நடக்கணும்னே விட்டது.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த வரைக்கும் பழைய கடை வீடுகள்ல சின்னச் சின்னத் தொழில்காரங்க தாக்குப் பிடிச்சாங்க. 1997-ல சட்டத்தை எடுத்தாங்க, 2000-லேர்ந்து வாடகை ஏறிச்சு. எத்தனையோ குடும்பம் காலி பண்ணிட்டுப் போச்சு. 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஊர் பேரு வந்த பிறகு அந்தக் காலி வீடுகள்ல காபிக் கடைகள் வந்துச்சு. அதனால எனக்குச் சந்தோஷமும் உண்டு, வலியும் உண்டு.

குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கத்துச் சந்துல ஒரு கடை. முன்னாடி அச்சகம். எழுத்து அடுக்கி வைக்கிற மரத் தட்டுகளைச் சுவர்ல அப்படியே வச்சிருக்காங்க, ஒண்ணு ரெண்டுல தமிழ் எழுத்து இன்னும் இருக்கு. வீட்டு நடுவுல வானம் தெரியுற திறப்பு, மழை பெய்ஞ்சா தண்ணி நேரா உள்ள விழும். உட்கார்ந்திருக்கிறவங்க நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்குவாங்க, அவ்வளவுதான். கடைக்காரர் சீனர். மெஷின் காபியும் போடுவார், சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கோப்பியைத் துணிப் பையில வடிகட்டியும் கொடுப்பார். ரெண்டாவதைக் குடிங்க. அஞ்சடியில ஒரு மேசைகூடப் போடலை அவர். பக்கத்து வீட்டுத் தாத்தா தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கார். அந்த வரிசையில மத்த கடைக்காரங்க மேசையைப் போட்டு அடைச்சிட்டாங்க, வயசானவங்க கார் போற ரோட்டுல இறங்கி நடக்கிறாங்க. நீங்க சொன்ன கண்ணாடித் திண்ணையும் இதுவும் ஒண்ணுதான்.

கும்பகோணத்திலிருந்து:

வணக்கம். நான் சுண்ணாம்பு வேலை செய்யறவன். எங்க அப்பாவும் கொத்தனார். அந்தச் சமையல்காரர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. பழைய சுவர் சுண்ணாம்புல கட்டினது. தரையிலேர்ந்து ஈரம் ஏறும், பூச்சு வழியா வெளிய போயிடும். அதுக்கு மேல சிமெண்டு பூசினா ஈரம் போக வழியில்லாம இன்னும் மேல ஏறும், உப்பு பூக்கும், கடைசியில சுவருக்குள்ள சொருகி இருக்கிற உத்தரத்து முனை உளுத்துப்போகும். அந்த முனை போச்சுன்னா மாடியே போச்சு.

பழைய வீடு பிடிக்கிறவங்க எல்லாரும் தரையைப் பார்க்கறாங்க, கதவுச் சிற்பத்தைப் பார்க்கறாங்க. உத்தரம் சுவர்ல நுழையற இடத்தைப் பாருங்க. ஒரு ஆணியால அழுத்திப் பாருங்க. அது உறுதியா இருந்தா மத்ததைச் சரி பண்ணிடலாம்.

இன்னொண்ணு, அவசரம். திறப்பு விழா தேதி குறிச்சிட்டு எங்களைக் கூப்பிடறாங்க. சுண்ணாம்பு நீறணும், மணலோட சேர்ந்து புளிக்கணும், கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி விட்டு அரைக்கணும். ஒரு பூச்சு காயறதுக்கு முன்னாடி அடுத்ததைப் போடக் கூடாது. அதுக்கு மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா அத்தனை வேலையும் வீண், சுண்ணாம்புதான் அடிக்கணும். வேலை தெரிஞ்சவங்க கொஞ்சப் பேர்தான் மிச்சம். இந்த மாதிரிக் கடைகள் வர்றதால எங்க பையன்களுக்கு மறுபடி வேலை கிடைக்குது, அதை மறைக்க மாட்டேன்.

திண்ணை விஷயம். அது உட்கார மட்டும் இல்ல. மழைத் தண்ணி சுவரோட காலடியில அடிக்காம தாங்கறது அதுதான். அதைக் கண்ணாடி போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டினா சுவரோட காலடி காயாது. ஜனங்களுக்காகத் திறந்து விட்டாலும் சரி, சுவருக்காகத் திறந்து விட்டாலும் சரி, திறந்து விடுங்க.

கொழும்பிலிருந்து:

நான் யாழ்ப்பாணம், இப்ப கொழும்பில வேலை. காலிக் கோட்டைக்குப் போனால் ஒல்லாந்தர் காலத்து வீடுகளில நிறையக் கோப்பிக் கடைகள் இருக்குது. சுவரெல்லாம் முருகைக் கல்லும், அதாவது பவளப் பாறைக் கல்லும், சுண்ணாம்பும். 1988-ல உலக மரபுரிமையாக அறிவிச்ச இடம். நான் போன கடையில வீட்டு முன் விறாந்தை தெருவைப் பார்த்தபடி அப்படியே திறந்து கிடந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மழைக்கு ஓடி வந்து அதில ஏறி நிண்டவை. கடைக்காரர் துவாய் ஒன்று கொண்டுவந்து குடுத்தார், வெளிநாட்டுக்காரர் இருந்த மேசையை உள்ளுக்கு இழுத்துப் பிள்ளைகளுக்கு இடமும் விட்டார். எனக்கு அந்தாளில ஒரு மரியாதை வந்தது.

அவர் தந்தது இலங்கைக் கோப்பி. 1869-க்குப் பிறகு இலைத்துரு நோய் வந்து இஞ்சத்தைக் கோப்பித் தோட்டமெல்லாம் அழிஞ்சு தேயிலை வந்த கதை எல்லாருக்கும் தெரியும். இப்ப மலைநாட்டில திரும்பவும் நல்ல கோப்பி செய்யினம். புளிப்புக் கொஞ்சம் தூக்கல், ஆனால் வாசம் அருமை.

சென்னையிலிருந்து:

அக்டோபர் விடுமுறையில் அம்மாவோடு புதுச்சேரி போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறாமல் உட்கார முடியுமா? எந்த நேரம் கூட்டம் குறைவு?

முதலில் எழுதியவர்:

முடியும். தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி, கைப்பிடி இல்லை, நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் முதுகு சாய்க்கிற நாற்காலிகள் இருக்கின்றன. மாடிப் படி செங்குத்து, அம்மாவுக்கு வேண்டாம். வாரநாளில் காலை எட்டு மணிக்குள் போனால் ஃபில்டர் காபி புதிதாக இறங்கியிருக்கும், கூட்டமும் இருக்காது. சனி, ஞாயிறு மாலைகளில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. மழை பிடித்துக்கொண்டால் முற்றத்துப் பக்கம் வழுக்கும், கவனம்.

கும்பகோணம் அண்ணா, உங்கள் பதிலை அந்தக் கடை அக்காவுக்கு அனுப்பினேன். மாடி உத்தரத்து முனைகளில் இரண்டைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருக்கிறதாம். மழைக்கு முன்னால் நீங்கள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்கிறார். போக்குவரத்துச் செலவு அவர்களுடையது.