'கட்டுப்பாட்டு மாறி' என்பதற்கு வேறு சொல் வேண்டும்

வணக்கம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை சோதனை வடிவமைக்கக் கற்பிக்கும்போது 'கன்ட்ரோல்டு வேரியபிள்' என்பதை, அதாவது சோதனை முழுதும் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டிய காரணியை, 'கட்டுப்பாட்டு மாறி' என்று எழுதிவருகிறோம். ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தை 25, 50, 100 செ.மீ. என மாற்றி, 10 அலைவுக்கு ஆகும் நேரத்தை அளக்கிறோம். "இதில் கட்டுப்பாட்டு மாறி எது?" என்று கேட்டால் "நீளம்" என்று பதில் வரும். நூலைப் பிடித்து நீளத்தை முடிவுசெய்வது மாணவர்தானே? தாம் கட்டுப்படுத்துவது அதைத்தான் என்று நினைப்பது இயல்பு. கோளாறு சொல்லில் இருக்கிறது. போதாக்குறைக்கு, மாறாமல் வைத்திருக்கும் ஒன்றுக்கு 'மாறி' என்று பெயர்! விதை முளைப்புச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நீர் ஊற்றாமல் வைக்கும் கிண்ணத்தைக் 'கட்டுப்பாடு' என்கிறோமே, அதனோடும் இது குழம்புகிறது.

என் முன்மொழிவு: மாற்றும் காரணி, அளக்கும் காரணி, மாறாக் காரணி. முதல் இரண்டுக்கும் வழங்கும் சாரா மாறி, சார்ந்த மாறி என்ற பெயர்கள் மேல்வகுப்பில் வரட்டும்.

---

> மாறாக் காரணி

ஐயா, முதல் இரண்டும் அருமை. மூன்றாவது இடறுகிறது. 'மாறு' தன்வினை, 'மாற்று' பிறவினை. 'மாறாக் காரணி' என்றால் அது தானாகவே மாறாது என்று பொருள்படும். மாற்றாமல் விடுவது நாம். ஆகவே 'மாற்றாக் காரணி' என்றால் 'மாற்றும் காரணி'யோடு இணையாகவும் நிற்கும்.

---

இலக்கணப்படி சரி. ஆனால் கையை வைக்காமல் இருந்தாலே போதும் என்ற எண்ணத்தை 'மாற்றா' தருகிறது. நடைமுறையில் அது போதாது.

தூள் சர்க்கரை, கட்டிச் சர்க்கரை இரண்டில் எது விரைவில் கரைகிறது என்று பார்க்கிறோம். தலா 5 கிராம், தலா 100 மி.லி. நீர், இரண்டும் 60 டிகிரி. தூள் சீக்கிரம் கரைந்துவிடும். கட்டி கரைந்து முடிவதற்குள் நீர் ஆறிவிடும். வெப்பநிலையை யாரும் மாற்றவில்லை, அதுவாக இறங்கியது. கட்டி தாமதமானதில் ஆறிய நீருக்கும் பங்குண்டு. இரண்டு முகவைகளையும் 60 டிகிரி நீருள்ள அகன்ற பாத்திரத்துக்குள் வைத்து, வெந்நீர் சேர்த்துச் சேர்த்து அந்தச் சூட்டைக் காக்க வேண்டும்.

ஊசலிலும் இதே சிக்கல்தான். எடை அலைவுக் காலத்தைப் பாதிக்கிறதா என்று பார்க்க, 24 செ.மீ. நூலில் 1 செ.மீ. ஆரமுள்ள குண்டைக் கழற்றி 2 செ.மீ. ஆரமுள்ளதை மாட்டுகிறார்கள். நூலை யாரும் தொடவில்லை. ஆனால் ஊசலின் நீளத்தைத் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடுவரை அளக்க வேண்டும். அது 25இலிருந்து 26 செ.மீ. ஆகிவிட்டது. 50 அலைவுக்கு ஏறத்தாழ ஒரு விநாடி கூடும். "கனமான குண்டு மெதுவாக ஆடும்" என்ற தவறான முடிவு ஏட்டில் ஏறிவிடும்.

எனவே 'மாறவிடாக் காரணி' என்று சொல்லலாமா? தானாகவும் மாறலாம், நம்மாலும் மாறலாம், இரண்டையும் தடுப்பது நம் வேலை என்பது 'விடா'வில் வந்துவிடுகிறது.

---

ஏற்கிறேன். சற்று நீளமான சொல்தான். ஆனாலும் "மாறவிடாமல் இருக்க என்ன செய்தாய்?" என்ற அடுத்த கேள்வி அதிலிருந்தே பிறக்கிறது. 'கட்டுப்பாட்டு மாறி'யிடம் இந்தக் கேள்வியே இல்லை. 'நீளம், வீச்சு, வெப்பநிலை' என்று பட்டியல் போட்டதும் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆய்வேட்டில் இப்படி எழுதப் பழக்கலாம்:

மாற்றும் காரணி: குண்டின் எடை
அளக்கும் காரணி: 50 அலைவுக்கான நேரம்
மாறவிடாக் காரணி: ஊசலின் நீளம், 25 செ.மீ. (பெரிய குண்டு மாட்டியதும் நூலை 1 செ.மீ. குறைத்துக் கட்டினோம்)