லேக்கில் எதிர்ப்பட்டவை: கனடாவின் ஒன்ராறியோவில் ஹாலிபர்ட்டன், மஸ்கோகா பக்கம் போனவர்கள் எழுதுங்கள்

வடலி:
ஜூன் கடைசி, டோர்செட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன லேக். பெயர் வேண்டாம், கூட்டம் கூடிவிடும். லூன் என்ற நீர்ப்பறவையின் கூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தண்ணீரை ஒட்டியேதான். கால் உடம்பின் பின்கோடியில் இருக்கும் பறவைக்குக் கரையில் நடக்க வராது, வேறு எங்கே கட்டும்? நானும் மகளும் தூரத்தில் கனூவில் இருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மோட்டார் படகு சறுக்குபவரை இழுத்துக்கொண்டு வந்து கரையோரமாகவே வளைத்துத் திரும்பியது. அடைகாத்த பறவை நழுவித் தண்ணீரில் இறங்கிவிட்டது. அலை கூட்டின்மேல் ஏறி இறங்கியதில் இரண்டு முட்டையில் ஒன்று உருண்டு போனது. லூன் தண்ணீரில் நிமிர்ந்து நின்று, சிறகை விரித்து அடித்துக் கத்தியது. படகில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினார்கள். அந்தக் கைகள் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பாறையடி:
வடலி, மனசு கனக்கிறது. ஆனால் பழியை எல்லாம் படகின்மேல் போடாதீர்கள். ஹாலிபர்ட்டனில் பல லேக்குகள் ட்ரென்ட்-செவர்ன் கால்வாய்க்குத் தண்ணீர் தேக்கிக் கொடுப்பவை. வசந்தத்தில் நிரப்பி, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். கூடு கட்டிய பிறகு மட்டம் ஏறினால் முட்டை மூழ்கும். இறங்கினால் பறவையால் கூட்டுக்கு ஏற முடியாது. நான் பார்த்த கூட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெறும் சேறு. அதில் நெஞ்சால் உந்தி உந்தி ஏறிய தடம் இருந்தது, பறவை இல்லை.

வடலி:
நீங்கள் சொல்வது சரி, அண்ணா. ஆனால் நான் பார்த்த லேக்கில் அணை கிடையாது. ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

குமிழி:
எனக்கு லூன் கதை இல்லை. மஸ்கோகாவில் மகன் டொக்கில் (படகுத்துறை மேடையில்) இருந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளி வந்தான். உள்ளே வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி குட்டிக் கண்ணாடி உருண்டைகள். கையை விட்டால் வழுக்கியது. எல்லாமே உயிரோடு! கொட்டேஜின் தண்ணீர் வடிகட்டியும் அதனால் அடைத்திருந்தது. பெயர் ஹோலோபீடியம், உடம்பைச் சுற்றிக் கூழுறை போட்டுக்கொள்ளும் குட்டி நீருயிர், இறால் நண்டு இனத்தைச் சேர்ந்தது. அந்தப் பக்கம் கருங்கல் பாறை, மண்ணில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம், ஏற்கெனவே குறைவு. இருந்ததையும் பல ஆண்டு அமில மழை கரைத்துக் கழுவிக்கொண்டு போய்விட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே கால்சியம் இறங்கினால் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு திணறும். அது காலி செய்த இடத்தைத்தான் இது பிடிக்கிறது. கூழுறை இருப்பதால் சின்னப் பூச்சிகளால் இதைத் தின்ன முடிவதில்லை, மேலே மீன் வரைக்கும் சாப்பாடு குறைகிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, லேக் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வருகிறது. மண்ணுக்குக் கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்க, மஸ்கோகாவில் சிலர் வீட்டு அடுப்பு விறகுச் சாம்பலைச் சேர்த்து மேப்பிள் காட்டில் தூவிப் பார்க்கிறார்கள். நல்ல வேலை.

அஜாக்ஸ் அம்மா:
என் கதை சின்னது. ஜூலை வெயிலில் டொக்கில் இருந்து குதித்தேன். மேலே இதமான சூடு, ஆழத்தில் கால் போனதும் பனிக்கட்டி. மூச்சு ஒரு கணம் நின்றுவிட்டது. பிள்ளைகளோடு போகிறவர்கள் கேளுங்கள். கோடையில் இந்த லேக்குகள் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே 24 பாகை இருந்தாலும் அடியில் 5, 6தான் இருக்கும். பாறை சட்டென்று சரியும், இரண்டு அடி தள்ளினால் தலைக்கு மேல் தண்ணீர். நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்பு உடுப்பு போடுங்கள். அப்புறம், லேக்கில் சோப்பு போட்டுக் குளிக்காதீர்கள், கழிவுத் தொட்டியை நேரத்துக்கு இறைக்கச் சொல்லுங்கள். கழிவோடு பாஸ்பரஸ் இறங்கினால் பாசி பெருகும். பாசி செத்து அடிக்குப் போய் அழுகும்போது அங்கே உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். லேக் ட்ரவுட் மீனுக்கு அந்தக் குளிர்ந்த அடித்தளத்தை விட்டால் கோடையில் போக்கிடம் இல்லை. கரையில் மரம் வெட்டிப் புல்தரை போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், உரமெல்லாம் நேரே தண்ணீருக்குத்தான் போகிறது.

பாறையடி:
அக்கா, அதே ஜூனில் 118ஆம் நெடுஞ்சாலை ஓரச் சரளையில் ஸ்னாப்பிங் ஆமை ஒன்று பின்காலால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. லாரி ஒன்று கல்லைத் தெறித்துக்கொண்டு போயும் நிறுத்தவில்லை. முதல் முட்டை இடவே 15, 20 வருடம் ஆகும் உயிர் அது, ஒன்று போனால் ஈடு கட்டுவது லேசில்லை. பீட்டர்பரோவில் ஆமைகளுக்கென்றே மருத்துவமனை இருக்கிறது. அடிபட்டதைக் கண்டால் அழையுங்கள். செத்துப்போனதாகத் தெரிந்தாலும் அழையுங்கள், வயிற்றில் இருக்கும் முட்டையை எடுத்துப் பொரிக்க வைக்கிறார்கள்.