கித்துல்கல ஆற்றங்கரை முகாம்: 14 பேரில் மூவருக்கு நீந்தத் தெரியாது, அழைத்துப் போகலாமா?

வயற்கரைத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரம் ஒன்றாகப் படித்த நாங்கள் 14 பேர் கித்துல்கலவில், களனி கங்கைக் கரையில் உள்ள ஒரு முகாமில் இரண்டு இரவு தங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். களுவாஞ்சிக்குடியிலிருந்து வான் வண்டியில் புறப்படுகிறோம். இறப்பர் படகில் ஆற்றுச் சவாரி, ஓடைக்குள் பாறை வழுக்கி இறங்குவது, இரவில் நெருப்பு மூட்டிச் சமைப்பது என்று எல்லோரும் இப்போதே கனவில் இருக்கிறார்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியில்தான் எல்லோருக்கும் விடுமுறை ஒத்துவருகிறது.

என் கவலை மூன்று பேரைப் பற்றியது. அவர்களுக்கு நீந்தத் தெரியாது. மற்ற 11 பேரும் வாவியிலும் கடலிலும் வளர்ந்தவர்கள், அவர்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. மூவரையும் கரையில் இருத்திவிட்டு நாங்கள் மட்டும் படகில் போக மனம் வரவில்லை. ஏற்றிப் போகவும் துணிவில்லை. மூவரின் அம்மாமாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் சம்மதித்திருக்கிறார்கள். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பாதை, சாப்பாடு பற்றியும் தெரிந்தால் எழுதுங்கள்.

கல்லடி அக்கா எழுதியது:

தம்பி, அந்த மூவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மற்ற 11 பேரைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

நாங்கள் குடும்பமாக 18 பேர் சென்ற வருடம் ஜூலையில் அங்கே போனோம். என் சித்தியின் மகனும் வந்தான். வயது 22. நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகியவன், வாவியை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் கடப்பவன். முகாமில் இறங்கியபோது மாலை ஐந்து மணி இருக்கும். ஆறு அவ்வளவு அமைதியாகக் கிடந்தது. கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். அவன் காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து, ஆற்றின் நடுவில் இருந்த பெரிய பாறையில் போய் உட்கார்ந்துகொண்டான். செருப்பைப் பாறையின் அடியில் ஒரு கல்லின்மேல் கழற்றி வைத்தான்.

நான் கரையில் குந்தியிருந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சவர்க்காரத்தைப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லில் வைத்திருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், கல் நனைந்திருக்கிறது. இன்னொரு கோப்பையைக் கழுவிவிட்டுக் கை நீட்டினால் சவர்க்காரம் இல்லை, கல்லும் இல்லை. மழை ஒரு துளிகூட இல்லை, வானம் வெளித்துக் கிடந்தது. ஆற்றின் சத்தம் மட்டும் மாறியிருந்தது. அதுவரை சுளகில் அரிசி கொழிப்பதுபோல் இருந்த சத்தம், உரலுக்குள் இடிப்பதுபோல் அடியிலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தம்பியின் செருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போகின்றன. அவன் நடந்து போன இடத்தில் இப்போது மார்பளவுத் தண்ணீர், அதுவும் பழுப்பு நிறத்தில் திரண்டு ஓடுகிறது.

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து பாய ஆயத்தமானான். நீந்தி வந்துவிடலாம் என்ற நினைப்பு. முகாமில் வேலை செய்த ஒரு சிங்களப் பையன் "எப்பா, எப்பா!" என்று கத்திக்கொண்டு கயிற்றுப் பையோடு ஓடிவந்தான். பாயாதே என்று கையாலும் காட்டினான். அன்று தம்பி உயிரோடு இருந்ததற்கு அந்தப் பையனின் சத்தம்தான் காரணம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவன் பாறையிலேயே இருந்தான். பிறகு இருவர் மேலிருந்து இறப்பர் படகைக் கொண்டுவந்து அவனை ஏற்றினார்கள். அவன் முகத்தில் அதற்கு முன் நான் அப்படியொரு வெளிறலைப் பார்த்ததில்லை.

எங்கிருந்து அந்தத் தண்ணீர் வந்தது என்பதை இரவு அந்தப் பையன்தான் நிலத்தில் தடியால் கீறிக் காட்டினான். மேலே காசல்ரீ, மவுசாக்கலை என்று இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள். அவற்றின் தண்ணீர் படிப்படியாக மின் நிலையங்களுக்குள் இறங்கி, லக்ஷபானவைத் தாண்டி, கடைசியில் பொல்பிட்டிய மின் நிலையத்தின் வழியாகக் கித்துல்கலவுக்கு மேலே ஆற்றில் விழுகிறது. இப்போது அதற்குக் கீழே 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் திட்டமும் இருக்கிறது. எந்திரம் சுழன்றால் ஆறு எழும், நின்றால் ஆறு படுக்கும். வானத்தைப் பார்த்து அந்த ஆற்றைக் கணிக்க முடியாது. நாடு முழுவதும் மின்பாவனை உச்சத்தில் இருக்கும் நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. நாங்கள் கல்லடியில் விளக்குப் போட ஆரம்பிக்கும் பொழுதில் அங்கே எந்திரங்கள் வேகமெடுக்கின்றன. அந்தி சாய்ந்தபின் யாரையும் ஆற்றில் கால் நனைக்கவும் விடாதீர்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு வாவி தெரியும். வாவி நின்ற தண்ணீர், களைத்தால் மல்லாந்து கிடக்கலாம். மாரியில் வெள்ளம் வடிய, வாவி கடலில் விழும் முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று அந்த வாயில் எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் இறங்குவானா? கித்துல்கலவில் எந்திரம் சுழலும் ஒவ்வொரு நேரமும் முகத்துவாரம் வெட்டிய நேரம்தான். இதை அந்த 11 பேருக்கும் இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள், உடனே விளங்கும்.

இனி உங்கள் மூவருக்கு வருகிறேன். என் மச்சாளுக்கு நீந்தத் தெரியாது. அதனாலேயே வழிகாட்டி சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பாடம்போல் மனனம் செய்தாள். மறுநாள் காலை மூன்றாவது சுழிப்பில் படகு எகிறியபோது அவள்தான் விழுந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே மல்லாந்து, கால்களை ஆறு ஓடும் திசைக்கு நீட்டி, பெருவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய மிதந்து போனாள். வழிகாட்டி அவளது உயிர்காப்பு அங்கியின் தோள்பட்டியைப் பிடித்து ஒரே இழுப்பில் படகுக்குள் போட்டார். அதே படகிலிருந்து விழுந்த இன்னொருவர் நன்றாக நீந்துபவர். ஆழம் குறைந்த இடம்தானே என்று எழுந்து நிற்கப் பார்த்தார். கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது, பின்னாலிருந்து தண்ணீர் அவரை முகம் குப்புறத் தள்ளியது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். கணுக்காலில் நான்கு தையல். ஓடும் ஆற்றில் எழுந்து நிற்கக்கூடாது தம்பி, முழங்கால் அளவுத் தண்ணீரென்றாலும் நிற்கக்கூடாது.

உயிர்காப்பு அங்கியை நீங்களே ஒவ்வொருவருக்கும் சோதியுங்கள். போட்டுப் பூட்டியபின் இரு தோள்பட்டிகளையும் பிடித்து மேலே இழுங்கள். அங்கி காது வரை ஏறினால் அது தளர்வு, தண்ணீருக்குள் ஆள் ஒரு பக்கம் அங்கி ஒரு பக்கம். எங்களுக்குத் தந்தவற்றில் இரண்டுக்குப் பூட்டு உடைந்து கயிற்றால் முடிந்திருந்தது. நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். முணுமுணுத்தார்கள், ஆனால் மாற்றித் தந்தார்கள். முகாமின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. எந்த முகாமானாலும் இதைப் பார்க்காமல் துடுப்பைக் கையில் எடுக்காதீர்கள்.

குடித்தவர் படகில் ஏறக்கூடாது. முதல் நாள் இரவு குடித்துவிட்டுக் காலையில் தள்ளாடுபவரும் ஏறக்கூடாது. நண்பன் முகம் கோணுவான் என்று விட்டுவிடாதீர்கள். அந்த அம்மாமாரின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சம்மாந்துறை விவசாயி எழுதியது:

தங்கச்சி எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. இங்கினியாகலை நீர்த்தேக்கத்து வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிற எங்களுக்கு இது பழகிய விசயம். மேலே கதவு திறந்தால் கீழே நிற்பவனுக்குச் சத்தம் வந்து சேரும்போதே தண்ணீரும் வந்துவிடும்.

மகன், நான் சொல்ல வருவது காலத்தைப் பற்றி. ஓகஸ்ட் என்றால் இங்கே கச்சான் காற்றடித்து நிலம் வெடித்துக் கிடக்கும். அந்த நினைப்போடு போகாதீர்கள். அங்கே அது தென்மேற்குப் பருவமழைக் காலம், மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும். மழை பலத்தால் மேலே வான்கதவுகளையும் திறப்பார்கள், அப்போது படகுச் சவாரியையே நிறுத்திவிடுவார்கள். காசு கட்டிவிட்டுக் கூடாரத்துக்குள் ஈரத் துணியோடு இருக்க வேண்டியதுதான். டிசம்பரில் அங்கே மழை குறையும், ஆனால் எங்கள் பக்கம் வெள்ளம், பாதை எப்போது மறிபடும் என்று சொல்ல முடியாது. பெப்ரவரியில் இரண்டு பக்கமும் நல்லது, ஆனால் பெரும்போக அறுவடை. வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? அறுவடை முடிந்த கையோடு மார்ச்சில் போங்கள். ஏப்ரலில் பின்னேரங்களில் இடி மின்னல் தொடங்கிவிடும்.

பாதை: கல்முனை, அம்பாறை, உகனை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, பதினெட்டு வளைவு ஏறிக் கண்டி. அங்கிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, பிறகு இறக்கம். உகனைக்கும் மகாஓயாவுக்கும் இடையில் யானை கடக்கும், விடிவதற்கு முன் அந்தத் துண்டில் ஓடாதீர்கள். சுபஹு தொழுதுவிட்டு நாங்கள் புறப்பட்டோம், நிறுத்தி நிறுத்திப் போனதில் கித்துல்கல சேரப் பின்னேரமாகிவிட்டது. மகாஓயா வெந்நீர் ஊற்றில் முகம் கழுவிக் கட்டுச்சோற்றை முடித்துக்கொள்ளலாம். உங்கள் கூட்டத்தில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் கம்பளையில் ஹலால் கடைகள் தாராளம், அதற்கப்பால் குறையும். முகாமில் சமைப்பதற்கான கோழியைக் கம்பளையிலேயே வாங்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். கினிகத்தேனை இறக்கத்தில் பனிப்புகார் மூடும், சாரதிக்கு மலைப் பாதை பழக்கமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தாதி ஒருவர் எழுதியது:

எல்லோரும் ஆற்றைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் இரண்டு விசயம் மட்டும்.

ஓடைக்குப் போகும் காட்டுப் பாதையில் அட்டை ஏறும். நீண்ட காலுறைக்குள் காற்சட்டை விளிம்பைச் செருகி, சவர்க்காரத்தைக் காலுறையின் மேல் உலர்வாகத் தேயுங்கள். ஏறிவிட்டால் பிய்க்காதீர்கள். நகத்தை வாய்ப் பக்கமாக வைத்து மெல்லத் தள்ளுங்கள், கழன்றுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. வயலில் இறங்கும் எங்கள் அப்பாமாருக்கு மட்டும் வருவதென்று நினைக்கிறோம். காலில் கீறலோடு ஆற்றிலும் சேற்றிலும் இறங்கும் எவருக்கும் வரலாம். காயமுள்ளவர்கள் தண்ணீரில் இறங்கவே கூடாது. தடுப்பு மருந்து தேவையா என்பதை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போவதற்கு முன் கேளுங்கள், நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவத்தல் இருந்தால் வைத்தியரிடம் "ஆற்றில் இறங்கினோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாததால் நாள் கடந்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிலையில் வந்தவர்களை நான் வார்ட்டில் பார்த்திருக்கிறேன்.

வயற்கரைத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பயணத்தை மார்ச்சுக்கு மாற்றிவிட்டோம். நேற்று 14 பேரையும் ஒன்றாக இருத்தி அக்காவின் பதிலை வாசித்துக் காட்டினேன். முகத்துவாரம் என்ற இடத்தில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். அக்கா, ஒன்று மட்டும் கேட்கிறேன். முகாம் ஆட்கள் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லாவிட்டால் நாங்களாக எப்படி அறிவது?

கல்லடி அக்கா எழுதியது:

இறங்கும் முன் அவர்களிடம் கேளுங்கள், சொல்லும்வரை விடாதீர்கள். அதோடு கரையில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வையுங்கள், பாதி நனைய, பாதி உலர. நீந்தத் தெரியாத மூவரில் ஒருவரை அதற்குக் காவல் போடுங்கள், கண்ணெடுக்காமல் பார்ப்பார். கல் முழுதாக நனைந்தால் ஒரு விசில், எல்லோரும் கரைக்கு. மறுநாள் முழுக்க நாங்கள் அப்படித்தான் செய்தோம். விசில் பிடித்திருந்தது என் சித்தியின் மகன்.