ரெக்விசிஷன்: 'கையகப்படுத்தல்' என்று எழுதினால் வீடே போய்விடுகிறது

மாட்டுங்காவிலிருந்து:
நண்பர்களுக்கு வணக்கம். சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். பாகப்பிரிவினைக்காகப் பெரியம்மாவின் கட்டடத் தாள்களைத் தமிழில் எழுதுகிறேன். 1943இல் இந்தியப் பாதுகாப்பு விதி 75-ஏ காட்டிப் படைக்கென எடுத்த வீடு. போர் முடிந்தும் சாவி வரவில்லை. அதிகாரத்தை நீட்டிக்க 1947இல் ஒரு சட்டம், பிறகு 1952இல் தனிச் சட்டம். 'கையகப்படுத்தப்பட்டது' என்று வாசித்தேன். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியென்றால் வீடு அப்பாவுடையது இல்லையா?" என்று கேட்டார். உரிமை உடையவரிடம், அனுபோகம் அரசிடம். ஆங்கிலத்தில் ரெக்விசிஷன் எனப்படும் இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

தில்லி கரோல்பாகிலிருந்து:
கையகப்படுத்தல் என்ற சொல்லை, அரசு உரிமையையே எடுத்துக்கொள்ளும் அக்விசிஷனுக்குக் கொடுத்தாயிற்று. 1952 சட்டத்தில் இரண்டும் உண்டு: 3ஆம் பிரிவில் ரெக்விசிஷன், அப்படி எடுத்ததையே நிரந்தரமாக்க 7ஆம் பிரிவில் அக்விசிஷன். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் 7ஆம் பிரிவுக்குப் பொருளே இல்லை. 'அரசிரவல்' என்பேன். இரவல் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும்.

செம்பூரிலிருந்து:
பொருந்தாது. இரவலின் வேர் 'இர'. கேட்பவன் தாழ்வான், கொடுப்பவன் மறுக்கலாம். இங்கே மறுக்க வழியேது? 'கொள்' என்ற வேரைப் பாருங்கள்: கொளல், கோள், கொள்முதல், கொள்ளை. பகைநாட்டில் கவர்ந்த பொருளைச் சங்கப் பாட்டு 'கொண்டி' என்கிறது. போரில் பிறந்த வழக்கத்துக்குப் போரில் பிறந்த வேரே தகும். 'மனைக்கொளல்' என்று வைப்போம்.

கரோல்பாக்:
ஐயா, "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." செங்கோல் ஏந்திய அரசன் பொருள் கேட்பது, வேல் ஏந்திய கள்வன் 'கொடு' என்பதைப் போன்றது என்கிறது குறள். மறுக்க முடியாத கேட்பையும் வள்ளுவர் இரவு என்றே சொல்லிவிட்டார். அரசிரவலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டோம்பிவிலியிலிருந்து:
இரண்டையும் எந்த வழக்குத் தாளிலும் எழுத முடியாது, படிப்பவர் திகைப்பார். 'தற்காலிகக் கையகம்' போதும். பம்பாயின் 1948 நில ரெக்விசிஷன் சட்டப்படி 1951இல் எடுத்த ஓர் அடுக்ககத்தை முப்பது ஆண்டுக்கு மேல் வைத்திருந்தது செல்லாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே இந்தக் காரணத்தால்தான். ரெக்விசிஷன் தற்காலிகமானது, அதைக் காட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது.

செம்பூர்:
முப்பது ஆண்டைத் தற்காலிகம் என்று எழுதக் கை கூசுகிறது.

டோம்பிவிலி:
அப்படி எழுதியிருந்ததால்தானே ஐயா திருப்பிக் கேட்க முடிந்தது!

மாட்டுங்கா:
நாள் நெருங்கிவிட்டது. தனிமடலில் இருவர் டோம்பிவிலிக்காரர் பக்கம் நிற்கிறார்கள். 'தற்காலிகக் கையகம்' என்றே எழுதி, கீழே 'உரிமை மாறவில்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். பெரியம்மா அந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

செம்பூர்:
அந்த வரி தேவைப்பட்டதே, சொல் போதவில்லை என்பதற்குச் சான்று. கை அகப்படுத்தியதைக் கை விடும் என்ற குறிப்பு அதில் எங்கே இருக்கிறது? நான் இணங்கவில்லை. 'கொண்டி' பற்றித் திங்கட்கிழமை விரிவாக எழுதுகிறேன்.