மறு: பின் சக்கர பிரேக் பேடுக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்கிழமைக்குள்!)

ஐடிஐ ஆசிரியர், கோவை

அனைவருக்கும் வணக்கம். சொந்தக் காரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். பின் சக்கர டிஸ்க் பிரேக் பேடு மாற்றுவது பற்றிய பன்னிரண்டு பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சக்கரத்தோடு சுழலும் தட்டை (டிஸ்க்) உரசி நிறுத்தும் பேடு, பேடுகளைத் தாங்கித் தட்டைக் கவ்வும் காலிப்பர், பேடைத் தள்ளும் பிஸ்டனைப் புதுப் பேடுக்கு இடம்விடத் திரும்ப உள்ளே அனுப்பும் வேலை, இந்த மூன்றுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும்.

மூன்றாவதுதான் அவசரம். முன் சக்கரத்தில் பிஸ்டனை நேராக அழுத்தினால் உள்ளே போய்விடும். பின்னால், கம்பி இழுக்கும் கைப்பிரேக்கும் அதே காலிப்பரில் இருக்கிற வண்டிகள் பலவற்றில் அப்படிப் போகாது. பிஸ்டன் முகத்தில் இருக்கும் பள்ளத்தில் கருவியைப் பொருத்தி, திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். போன வகுப்பில் என் நகலில் வெறுமனே ‘அழுத்தவும்’ என்று இருந்தது. ஒரு மாணவர் அதை நம்பி சி-கிளாம்ப் போட்டு முறுக்கினார். உள்ளே இருந்த திருகாணி காலி. புது காலிப்பர் செலவு அவருக்கு, பழி என் வினைச்சொல்லுக்கு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சென்னை

தம்பி, பேடுக்கு ‘அணை’ இருக்கக் கவலை ஏன்? தலையணையில் மெத்தென்ற பொருள், அணைத்தலில் இருபுறமும் சேர்ந்து பற்றும் பொருள். தட்டை இரு பக்கமும் அணைத்து நிறுத்துவதால் ‘தடுப்பணை’.

காலிப்பர் என்பது கொடிறு. ‘கொடிறுடைக்கும் கூன்கையர்’ என்ற குறளில் அது தாடை. ‘கொடிறும் பேதையும் கொண்டது விடாதென’ என்ற திருவாசகத்தில் அது குறடு. தாடைபோல் கவ்வி, குறடுபோல் பிடிக்கும் கருவிக்கு இதைவிட வேறென்ன சொல் வேண்டும்?

பொதுப்பணித் துறை (ஓய்வு), மதுரை

ஐயா, முப்பது வருடம் ஓடைகளின் குறுக்கே நான் கட்டியதெல்லாம் கார் பாகம் என்று இன்றுதான் தெரிந்தது.

ஐடிஐ ஆசிரியர், கோவை

ஐயா, கொடிறு அழகான சொல். ஆனால் மேற்கோளிலேயே சிக்கல் இருக்கிறது. கொண்டது விடாத காலிப்பர் கெட்டுப்போன காலிப்பர்! மிதியிலிருந்து கால் எடுத்ததும் விட வேண்டும். காலிப்பர் வழுக்கி நகரும் ஆணியில் (பின்) கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால், பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் தேய்ந்து தகடாகிவிடும், வெளிப் பக்கத்தது புதிதுபோல் இருக்கும். சில சமயம் பிரேக் விடாமல் உரசிச் சக்கரமும் சுடும்.

மென்பொருள் தமிழாக்கம், பெங்களூரு

பேடு உராய்வதால் ‘உராய்வி’? சுருக்கம், விகுதியும் சுத்தம்.

தமிழாசிரியர், சென்னை

உலாவி, செயலி, இப்போது உராய்வி. மண்வெட்டிக்கும் அரிவாள்மணைக்கும் பெயர் வைத்தவனுக்கு ஒரே விகுதியா தெரிந்திருந்தது?

யாழ்ப்பாணத்திலிருந்து

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் வீலைச் ‘சில்லு’ என்றுதான் சொல்லுவம். கையேட்டில் ‘பின் சில்லு’ என்று போடலாமே?

மென்பொருள் தமிழாக்கம், பெங்களூரு

எங்களுக்குச் சில்லு என்றால் கணினிக்குள் இருப்பது. பின் சில்லைக் கழற்றச் சொன்னால் மதர்போர்டைப் பிரிப்பார்கள்.

ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், திருப்பூர்

சைக்கிள் காலத்திலிருந்தே ஊரில் சொல் இருக்கிறதுங்க: பிரேக் கட்டை. ‘கட்டை தேஞ்சுபோச்சு’ என்று சொன்னால் வண்டிக்காரர் யாரும் அகராதி கேட்பதில்லை. புதுக் கட்டை பத்து மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். கட்டை தேய்ந்ததும் டிஸ்கில் பட்டுக் கீச்சிடும் சின்னத் தகட்டை எங்கள் கடையில் ‘கத்துற தகடு’ என்போம்.

தமிழாசிரியர், சென்னை

கட்டை என்றால் மரம். இரும்புத் தகட்டில் ஒட்டிய உராய்வுப் பொருள் எப்படிக் கட்டையாகும்?

பொதுப்பணித் துறை (ஓய்வு), மதுரை

தேரை நிறுத்துவதே முட்டுக்கட்டைதானே? திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும், வீதி முனையில் கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் திரும்புமா? ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். சக்கரம் ஏறியதும் கட்டை நசுங்கி ஈரமாகத் தண்ணீர் கசிந்தது. (இதற்கும் பேடுக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.)

ஐடிஐ ஆசிரியர், கோவை

சம்பந்தம் இருக்கிறது சார், வில்லங்கமாக! பின் சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிரேக்கையும் விடுவதால், முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கச் சொல்கிறேன். கையேட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு கட்டை. ஆனாலும் ‘பிரேக்’ முன்னால் நின்றால் யாரும் குழம்ப மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே பேடு என்பது பிரேக் கட்டை. ஆறு பேர் ஆதரவு, அதில் மூவர் ‘ஏதோ ஒன்று, முடியுங்கள்’ என்று தனிமடலில் எழுதியவர்கள். காலிப்பர் காலிப்பராகவே இருக்கும். மூன்றாவதற்குப் பெயர்ச்சொல் தேடுவதையே விட்டுவிட்டேன். ‘திருகிக்கொண்டே உள்ளே தள்ளவும். முன்னதாக பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்கவும், பிஸ்டன் உள்ளே போகப்போக ஆயில் மேலேறும்’ என்று எழுதியாயிற்று. கத்துற தகடு விவாதமே இல்லாமல் உள்ளே வந்துவிட்டது.

தமிழாசிரியர், சென்னை

பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூலார் பிரேக் கட்டைக்காகவே சொல்லிவைத்தார் போலிருக்கிறது. கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அடிக்குறிப்பிலாவது கொடிறு இருக்கட்டும்.

பி.கு.: என் காரில் வலது பின் சக்கரம் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கை வைக்க முடியாமல் சுடுகிறது. மகளைப் பார்க்கச் சனிக்கிழமை அதில்தான் கோவை வருகிறேன். ஞாயிறு காலை வீட்டில் இருப்பீர்களா தம்பி?

ஐடிஐ ஆசிரியர், கோவை

இருப்பேன் ஐயா. ஆனால் ரயிலில் வாருங்கள்.