புதுப்பிப்பு: 32 கிலோமீற்றரில் நின்ற என் சைக்கிள்

வீட்டில் கட்டிய 1500 வாற் மின்சார சைக்கிள், 48 வோல்ற் 20 அம்பியர்-மணி பற்றரி. வெள்ளவத்தையிலிருந்து பாணந்துறை போய்த் திரும்பும்போது இரத்மலானையில் ஏன் நின்றது என்று முன்பு கேட்டிருந்தேன்.

மின்செலவைக் காட்டும் மீற்றர் பூட்டிப் பார்த்துவிட்டேன். பற்றரி பழுதில்லை. 48 × 20 என்றால் மொத்தமே 960 வாற்-மணி மின்சக்திதான். கொழும்பு-காலி வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் கிலோமீற்றருக்கு 30 வாற்-மணி போகிறது, அதாவது 32 கிலோமீற்றரில் தீர்ந்துவிடும். 30 வேகத்தில் 15தான். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

அப்புறம், பற்றரிக் கனெக்டரின் ஒரு முனை கறுத்து, பிளாஸ்ரிக் உருகியிருந்தது. அக்சிலரேற்றரை முறுக்கினால் 50 வோல்ற் 44க்கு விழும். தடித்த வயரோடு புதிதாகப் பற்றவைத்தேன். இப்போது 47க்குக் கீழே இறங்குவதில்லை. உங்களுடையதையும் கழற்றிப் பாருங்கள், தீப்பிடிக்கக்கூடிய இடம் அது.

நேற்று நிதானமாகப் பாணந்துறை போய் வந்தேன். வீட்டு வாசலில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.